காக்கர் ஸ்பேனியலின் காதில் வாடை வந்தால்...

கேள்வி: எங்கள் வீட்டு காக்கர் ஸ்பேனியல் நாய்க்கு இரண்டு வயது. கொஞ்ச நாளாகத் தலையை உதறிக்கொண்டே இருக்கிறான். காதருகே போனால் புளித்த வாடை. தொட்டால் உறுமுகிறான், இதற்கு முன் உறுமியதே கிடையாது. தேங்காய் எண்ணெய் விடலாம் என்கிறார்கள். வெயிலுக்கு மொட்டையும் அடித்துவிடலாமா? – வாசகி, ஈரோடு

பதில்: எண்ணெய் வேண்டாம் அம்மா. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அநேகமாக உள்ளே ஈஸ்ட் என்கிற பூஞ்சை வளர்ந்து புண்ணாகியிருக்கும். பாவம், வலியில் உறுமுகிறான். யாரும் அதட்டாதீர்கள், நாளைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். செவிப்பறை கிழியாமல் இருக்கிறதா என்று பார்த்து, குறும்பியைக் கொஞ்சம் எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்த பிறகுதான் சொட்டு மருந்து எழுத வேண்டும். செவிப்பறை கிழிந்திருந்தால் சில மருந்துகள் காதையே செவிடாக்கிவிடும். அதனால்தான் பழைய மருந்து மிச்சம் இருந்தாலும் காதில் விடாதீர்கள் என்கிறேன்.

நாயின் காதுக்குழாய் கீழே இறங்கி, 'ட' எழுத்து மாதிரி உள்ளே திரும்பும். பட்ஸ் விட்டால் அழுக்கு அந்த முடக்கில் போய் அடைந்துகொள்ளும். காக்கருக்கோ முடி அடர்ந்த கனத்த மடல் வேறு மேலே மூடிக் கிடக்கிறது, காற்றே புகாது. அடிக்கடி புண்ணானால் குழாயின் சுவர் தடித்து அடைத்துப்போய், கடைசியில் குழாயையே அறுத்து எடுக்க வேண்டி வரும். இந்த இனத்தில் அது அதிகம், அலட்சியம் வேண்டாம். அலர்ஜியும் காரணமாக இருக்கலாம். திரும்பத் திரும்ப வந்தால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

குணமான பிறகு, குளிப்பாட்டும்போதெல்லாம் மடலைத் திருப்பிப் போட்டு, விரல் எட்டும் மட்டும் பஞ்சால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். மடலின் உள்பக்க முடியை ஒட்ட வெட்டிவிடலாம். சோறும் தண்ணீரும் வாய் குறுகிய, ஆழமான கிண்ணத்தில் வையுங்கள். காது இரண்டும் வெளியே தொங்கும், சோற்றில் புரளாது. உண்ணியும் அந்த மடலுக்கு அடியிலும் கால் விரல் இடுக்கிலும்தான் போய் ஒளியும். வெளியே போய் வந்ததும் தடவிப் பாருங்கள்.

மொட்டை வேண்டாம். தோலில் வெயில் நேராகப் படும். முடியும் பழையபடி படிந்து வளராமல் போகலாம். தினமும் சீவுங்கள், அக்குளிலும் காதுக்குப் பின்னாலும்தான் சிக்கு விழும். கோடையில் நடையை விடிகாலையிலேயே முடித்துவிடுங்கள்.

அப்புறம் ஒன்று. வாடை போனதும் சரியாகிவிட்டது என்று மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டர் மறுபடி காதுக்குள் பார்த்து, போதும் என்று சொல்லட்டும்.