‘சரி’ எந்தப் பக்கம்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஒரே மென்பொருளை விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றுக்கும் வெளியிடுகிறோம். உரையாடல் பெட்டிகளில் ‘சரி’, ‘ரத்து’ பொத்தான்கள் மூன்றிலும் ஒரே வரிசையில் இருந்தால்தான் மென்பொருள் சீராக இருக்கும் என்று குழுவில் பாதிப் பேர் சொல்கிறார்கள். அந்தந்த இயங்குதளத்தின் வழக்கத்தையே பின்பற்ற வேண்டும் என்பது மற்றவர்களின் வாதம். எதை ஏற்பது?

பதில்: இரண்டாவது தரப்பின் வாதத்தையே நான் ஏற்கிறேன். உங்கள் மென்பொருளின் மூன்று பதிப்புகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பெரும்பாலும் உங்கள் குழுவாகவே இருக்கும். பயன்படுத்துபவரோ வழக்கமாக ஒரே கணினியில், உங்கள் செயலியோடு வேறு பல செயலிகளையும் திறந்து மூடிக்கொண்டிருக்கிறார். பொத்தான் எங்கே இருக்கும் என்பதை அவரது கை அவற்றிடமிருந்து கற்றிருக்கிறது. அவர் படித்துப் பார்க்காமலே சொடுக்கும் அந்த இடத்தில் நீங்கள் வேறொரு பொத்தானை வைத்தால், மற்ற இரு பதிப்புகளோடு அது ஒத்துப்போகிறது என்பதால் அவருக்கு ஒரு பயனும் இல்லை.

வழக்கங்கள் இவைதாம். விண்டோஸில் பெட்டியின் கீழ் வலப்புறத்தில் ‘சரி’, அடுத்து ‘ரத்து’, தேவைப்பட்டால் அதற்கும் அடுத்து ‘செயல்படுத்து’ என்று வரிசை அமையும். மேக்கில் முதன்மைச் செயல் வலது ஓரத்தில் இருக்கும். ‘ரத்து’ அதற்கு இடப்பக்கம் வரும். படிக்கும் வரிசையில் முதலில் வருவது முதன்மையானது என்பது முன்னதன் நியாயம். கண் பெட்டியைப் படித்து முடிக்கும் மூலையில் முதன்மைச் செயல் காத்திருக்க வேண்டும் என்பது பின்னதன் நியாயம். இரண்டுக்கும் காரணம் இருக்கிறது. எது உயர்ந்தது என்று வாதிடுவதில் குழுவின் நேரத்தைச் செலவிட வேண்டாம் என்பது என் கருத்து. லினக்ஸ் என்று ஒரே வழக்கம் கிடையாது என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை: லினக்ஸில் பரவலான திரைச் சூழல்கள் இரண்டில், 2002இல் வெளிவந்த க்னோம் 2 மேக்கை ஒட்டிய வரிசையை எடுத்துக்கொண்டது, கேடிஇ விண்டோஸை ஒட்டிய வரிசையிலேயே இருக்கிறது. ஆகவே ‘லினக்ஸ் என்றால் இப்படி’ என்று நிரலில் ஒரு நிபந்தனை எழுதினால், பயனர்களில் ஒரு பகுதியினருக்கு அது தவறாகவே அமையும்.

மூன்றிலும் ஒன்றாக இருக்க வேண்டியவை வேறு. பொத்தானின் சொல், அது செய்யும் செயல், என்டர் விசை எந்தப் பொத்தானுக்கு, எஸ்கேப் விசை எதற்கு என்பவை எங்கும் மாறக் கூடாது. உங்கள் உதவிக் குறிப்புகளிலும் ‘வலப்பக்கப் பொத்தானை அழுத்துக’ என்று எழுதாமல் பொத்தானின் பெயரையே எழுதுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு பெட்டியிலும் இயங்குதளத்தைச் சோதித்து வரிசையை மாற்ற வேண்டுமா? நிரல் முழுவதும் அந்தச் சோதனையாகவே ஆகிவிடுமே?

பதில்: வேண்டாம். பொத்தானின் இடத்தைச் சொல்வதை விட்டுவிட்டு அதன் பங்கை, அதாவது அது எவ்வகை வேலைக்கு உரியது என்பதைச் சொல்லுங்கள். சாளரங்களையும் பொத்தான்களையும் அமைக்க உதவும் க்யூட் என்ற நிரல் நூலகத்தில், 2006இல் வந்த 4.2 பதிப்பிலிருந்தே, இதற்கென்று க்யூடயலாக்பட்டன்பாக்ஸ் என்ற ஆயத்த நிரல் வகுப்பு (கிளாஸ்) இருக்கிறது. ஏற்பது, மறுப்பது, அழிப்பது, உதவி என்று ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு பங்கைக் குறித்துவிட்டால், விண்டோஸ், மேக், கேடிஇ, க்னோம் ஆகியவற்றுக்கு ஏற்ற வரிசையில் அதுவே அடுக்கிக்கொள்ளும். இத்தகைய வேறு நூலகங்களான ஜாவாஎஃப்எக்ஸின் பட்டன்பார், டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸின் நிலையான பொத்தான் அடுக்கி ஆகியவையும் இதே வழியில் இயங்குபவை. இயங்குதளத்தின் சொந்த எச்சரிக்கைப் பெட்டியை அழைத்தால் இன்னும் நல்லது. 2020இல் வந்த மேக் பிக் சர் பதிப்பில் எச்சரிக்கைப் பெட்டி குறுகி, மூன்று பொத்தான்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டபோது, அப்படி அழைத்தவர்கள் ஒரு வரியும் மாற்றாமலே புதிய தோற்றத்தைப் பெற்றார்கள்.

பங்கைக் குறிப்பதில் கவனம் வேண்டும். ‘மாற்றங்களைச் சேமிக்கவா?’ என்று கேட்டு, ‘ஆம்’, ‘இல்லை’ என்ற இரண்டு பொத்தான்களை மட்டும் க்யூட்டின் செய்திப் பெட்டியில் வைப்பதாகக் கொள்வோம். எஸ்கேப் விசைக்கு உரிய பொத்தானை நீங்கள் சொல்லாவிட்டால் அந்த நூலகம் தானே ஒன்றைத் தேடும். ‘ரத்து’ இல்லாதபோது, மறுப்புப் பங்கு அல்லது ‘இல்லை’ என்ற பங்கு கொண்ட பொத்தான் ஒன்றே ஒன்று இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளும். இந்தப் பெட்டியே வேண்டாம் என்று எண்ணி எஸ்கேப்பை அழுத்தும் பயனர், ‘சேமிக்க வேண்டாம்’ என்று சொன்னதாக ஆகி, தன் உழைப்பை இழந்துவிடுவார். வேலையை இழக்கும் வாய்ப்புள்ள பெட்டி எதுவும் ‘ரத்து’ இல்லாமல் இருக்கக் கூடாது.

கேள்வி: ‘ஆம்’, ‘இல்லை’ என்ற எளிய சொற்களைவிட நீளமான சொற்களை வைப்பது அவசியமா? பொத்தானில் இடம் போதவில்லை.

பதில்: அவசியம். மேலே உள்ள கேள்வியை முழுமையாகப் படிக்காமல் பொத்தானை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் ஏராளம். அவர்களுக்குப் பொத்தானே விடை சொல்ல வேண்டும். ‘பதிவிறக்கத்தை ரத்து செய்யவா?’ என்று கேட்டுவிட்டு, கீழே ‘சரி’, ‘ரத்து’ என்று வைத்தால், எதை அழுத்தினால் பதிவிறக்கம் நிற்கும் என்று ஊன்றிப் படிப்பவரே தயங்குவார். ‘பதிவிறக்கத்தை நிறுத்து’, ‘தொடர்ந்து பதிவிறக்கு’ என்று எழுதினால் அந்தத் தயக்கம் எழாது. விண்டோஸின் பழைய செய்திப் பெட்டி தனக்குள்ள சில சொற்களை மட்டுமே தரும். விண்டோஸ் விஸ்டா பதிப்போடு வந்த டாஸ்க் டயலாக் என்ற புதிய வகைப் பெட்டியில் நம் சொற்களையே வைத்துக்கொள்ளலாம்.

இடம் போதாமைக்குக் காரணம் பொத்தானின் அளவை எண்ணால் நிலைப்படுத்தியிருப்பதுதான். 75 பிக்சல் அகலம், 23 பிக்சல் உயரம் என்ற விண்டோஸின் மரபான அளவு ‘ஓகே’ போன்ற குறுஞ்சொற்களுக்குப் போதும். அதைக் குறைந்தபட்ச அளவாக மட்டும் வைத்து, அகலத்தைச் சொல்லே தீர்மானிக்கும்படி விடுங்கள். உயரத்தையும் அவ்வாறே விடுங்கள். இல்லாவிட்டால் ‘கூ’, ‘தீ’ போன்ற எழுத்துகளின் கீழ்ப்பகுதியோ மேல்பகுதியோ வெட்டுப்படும்.

கேள்வி: ‘நிரந்தரமாக நீக்கு’ என்ற பொத்தானுக்கு என்டர் விசையைத் தரலாமா?

பதில்: கூடாது. மீட்க முடியாத செயல் எதற்கும் என்டர் விசை போகக் கூடாது. ‘ரத்து’ பொத்தானுக்கே அதைக் கொடுங்கள். மீட்கும் வசதியை உங்களால் செய்து தர முடியுமானால், கேட்காமலே நீக்கிவிட்டு ‘மீட்டெடு’ என்று ஒரு வாய்ப்பைத் தருவது இதைவிட நல்ல வழி. விசைப்பலகைச் சோதனையை ஒவ்வொரு இயங்குதளத்திலும் தனித்தனியாகச் செய்யுங்கள். விண்டோஸில் டேப் விசையால் ஒரு பொத்தானுக்கு நகர்ந்தால் என்டரும் அந்தப் பொத்தானுக்கே போய்விடும். மேக்கில் நகர்ந்த பிறகும் ரிட்டர்ன் விசை முதன்மைப் பொத்தானையே அழுத்தும். நகர்ந்து நிற்கும் பொத்தானை அழுத்த ஸ்பேஸ் விசை வேண்டும். ஒன்றில் சரியாக நடந்த சோதனையை மற்றொன்றுக்கும் சான்றாகக் கொள்ள முடியாது.

கேள்வி: அமைப்புகள் சாளரத்திற்கும் ‘சரி’, ‘ரத்து’ வேண்டுமா?

பதில்: மேக்கிலும் க்னோமிலும் வேண்டாம், அங்கே மாற்றம் செய்த கணமே அது நடைமுறைக்கு வர வேண்டும் என்பது வழக்கம். விண்டோஸின் மரபான சாளரங்களில் ‘சரி’, ‘ரத்து’, ‘செயல்படுத்து’ மூன்றையும் எதிர்பார்ப்பார்கள். மேக்குக்கும் க்னோமுக்கும் பொத்தான்களை மறைத்தால் மட்டும் போதாது. ஒவ்வோர் அமைப்பையும் தனித்தனியாக உடனே நடைமுறைப்படுத்தவும், திரும்பப் பெறவும் முடியும்படி அடிப்படை நிரலை எழுதிவிட்டு, அதன் பிறகு சாளரத்தின் தோற்றத்தைத் தொடங்குங்கள்.