குட்டிக்கும் பெரியவனுக்கும் ஒரே வாசல்

கேள்வி: எங்கள் வீட்டில் 12 வயது லாப்ரடார் ஒருவன் இருக்கிறான். கூடவே மூன்று மாதக் குட்டி ஒன்றும் வந்திருக்கிறது. பின்கதவில் நாய்களுக்கென்று சின்னக் கதவு வைக்கலாமா? எந்த அளவில்? குட்டி தானாக வெளியே போய்ச் சிறுநீர் கழிக்கப் பழகிவிடுமா?

பதில்: தாராளமாக வையுங்கள். ஆனால் பெரியவனின் கால்களைப் பார்த்து வையுங்கள். அகலம், உடம்பின் அகன்ற இடத்தைவிட இரண்டு அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும். மேல் விளிம்பு தோளுக்குச் சற்று மேலே. இதைக் கடையிலேயே சொல்லிவிடுவார்கள். வயதான நாய்க்கு வில்லங்கம் கீழ் விளிம்பில்தான். மூட்டுத் தேய்மானம் உள்ள நாய் படியேறுவதைக் கவனித்திருப்பீர்கள்: முன்கால்கள் ஏறிவிடும், பின்கால்கள் ஒரு கணம் தயங்கி, இரண்டும் சேர்ந்து எம்பும். கதவிலும் அதே இடத்தில்தான் நிற்பான். தொங்கும் திரை முதுகில் கிடந்து அழுத்தும். அடுத்த முறை கதவுப் பக்கமே வரமாட்டான். ஆகவே விளிம்பை முடிந்தவரை தரையோடு தாழ்த்துங்கள். வீட்டுக்குள் அளந்துவிட்டு வெளிப்புறப் பள்ளத்தை மறப்பவர்கள்தான் அதிகம். அங்கே சறுக்காத சாய்வுப் பலகை ஒன்று போடுங்கள்.

குட்டி தானாகப் பழகாது. தனியே போனால் வெளியே ஆசை தீர விளையாடிவிட்டு, உள்ளே வந்து தரையை நனைக்கும்! நீங்களும் கூடப் போய், போன வேலை முடிந்த அந்த நொடியே பாராட்ட வேண்டும். இந்த வயதில் பகலில் மூன்று, நான்கு மணி நேரத்துக்கு மேல் அடக்கவும் முடியாது. தவிர, கண்டதையும் விழுங்கும் வயசு. தடுப்பூசி வரிசை முடிய 16 வாரமாவது ஆகும். பிற நாய்கள் நடமாடும் இடமென்றால் பார்வோ என்னும் கொடிய வைரஸ் நோய் தொற்றும் ஆபத்து உண்டு. எனவே யாரும் பார்த்துக்கொள்ள முடியாத நேரத்தில் குட்டியை வேலி போட்ட மூலையிலோ தனி அறையிலோ விடுங்கள்.

பழக்கும்போது முதலில் திரையைத் தூக்கி ஒட்டிவிடுங்கள். அந்தப் பக்கம் ஒருவர் தீனியோடு உட்காரட்டும். அப்புறம் திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். பிடித்துத் தள்ளவே கூடாது. பெரியவனைப் பார்த்துக் குட்டி சீக்கிரம் கற்றுக்கொள்ளும். ஆனால் அவன் வாலைப் பிடித்தபடி ஓடும்போது, திரும்பி வரும் திரை அதன் மூக்கில்தான் அடிக்கும். முதல் பாடங்கள் தனித்தனியாக இருக்கட்டும்.

இரவில் பூட்டிவிடுங்கள். பெரியவன் வெளியே போய்த் திரும்பும் வழி தெரியாமல் நிற்கிறான், வீட்டுக் கதவின் கீல் பக்கம் போய்க் காத்திருக்கிறான் என்றால் பார்வையோ நினைவோ மங்கத் தொடங்கியிருக்கலாம்; மருத்துவரிடம் காட்டுங்கள். கழுத்துப்பட்டையில் மாட்டிய மின்னணுச் சாவி அருகே வந்தால் மட்டும் திறக்கும் மின்கதவும் கிடைக்கிறது. பெரியவனுக்கு மட்டும் சாவி கட்டினால் போதுமே என்று தோன்றும். ஆனால் அவன் நிதானமாகக் கடந்து முடிப்பதற்குள் குட்டி அவன் வயிற்றுக்கடியில் புகுந்து போயிருக்கும்.