ஒரு கவிஞருக்கு எது முதலில் வேண்டும்?

சுதந்திரம், உண்மை, காதல், படைப்பு: இவற்றில் ஒரு கவிஞருக்கு எது முதலில் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள், தம்பி. உண்மை என்பேன். இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, இன்றும் அங்கிருந்தே கவிதை எழுதுகிறவன் நான். சுதந்திரம் கிடைத்த பிறகுதான் பாட்டு வரும் என்றால், எங்கள் மலையில் பாட்டே பிறந்திருக்காது.

தொழிலாளியின் கடனைத் துண்டுச் சீட்டில் எழுதி அவரைக் கட்டிவைத்த துண்டு முறை 1921இல் ஒழிக்கப்படும்வரை, பட்ட கடன் தீராமல் ஒருவர் தோட்டம் மாற முடியாது. அந்தக் காலத்திலும் எங்கள் பெண்கள் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் பாட்டுக் கட்டினார்கள். கோப்பிக் கன்று நட்ட மலையைக் காட்டி, அண்ணனைப் பறிகொடுத்த மலை அதோ தெரிகிறது பார் என்று சொல்லும் நாட்டார் பாடலை நீங்களும் கேட்டிருப்பீர்கள். நான்கே அடி. துயரம் என்றோ கண்ணீர் என்றோ அதில் ஒரு சொல் கிடையாது. மலை இருக்கிறது, அதில் செய்த வேலை இருக்கிறது, அண்ணன் இல்லை. கண்டதை மட்டும் சொல்லி நிறுத்திவிட்ட அந்தப் பெண்ணைவிடப் பெரிய கவிஞரை நான் இந்த மலைகளில் அறியேன்.

மலையகக் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனார். மறு ஆண்டே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த எங்கள் மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. பின்னர் வாக்குரிமையும் போனது. அவரோ தோட்டத்து வாழ்வை ஆங்கிலத்தில் கவிதையாக்கினார், அந்த மக்களின் பாடல்களையும் தேடித் தொகுத்தார். சட்டம் கணக்கில் எடுக்க மறுத்தவர்களின் குரல் ஏட்டில் ஏறியது. படைப்பு சுதந்திரத்துக்காகக் காத்திருக்கவில்லை என்று நான் சொல்வது இதைத்தான்.

'மக்கள் இந்த நிலையில் இருக்கும்போது காதல் கவிதையா?' என்று நண்பர்கள் கேட்பதாக வருந்தியிருந்தீர்கள். அந்தக் கேள்வி எனக்குக் கோபத்தையே தருகிறது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எங்கள் மக்களில் 525,000 பேரை இந்தியாவுக்கென்றும் 300,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டது. அக்கா ஒரு கரையில், தங்கை மறு கரையில். மனத்துக்குள் வைத்திருந்தவர் இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னார் போகும் கோச்சியில், அதாவது ரயிலில், ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் எங்கள் லயத்திலேயே, தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலேயே, இருந்தார்கள். ஒரு காம்பராவுக்குள், ஒரே அறைக்குள், குடும்பம் முழுவதும் உறங்கும் வீட்டில், இரண்டு பேர் தனியாகப் பேச ஓர் இடம் தேடுவதும் இந்த மக்களின் வரலாறுதான். காதலை விட்டுவிட்டு அதை எப்படி எழுதுவது?

மலையகக் கவிதை என்றால் அட்டைக்கடியும் கொழுந்துக் கூடையும் இருந்தே ஆக வேண்டும் என்று வெளியே இருக்கும் வாசகர்களில் சிலர் எதிர்பார்க்கிறார்கள். அவை உண்மை, எழுத வேண்டியவை. ஆனால் கேட்டவர்களுக்காகக் கூடையைத் தூக்கி வைத்தால் அது பொய்யாகிவிடும். எனக்கு இன்று வேண்டிய சுதந்திரம் பெரும்பாலும் இந்த எதிர்பார்ப்பிலிருந்துதான்.

ஆகவே எழுதுங்கள், தம்பி. நீங்கள் விரும்புகிறவர் கொழும்பில் வேலை செய்கிறார் என்றால், தீபாவளிக்கு அவர் வரும் பஸ்ஸை எழுதுங்கள், அவர் கையில் இருக்கும் பையை எழுதுங்கள். முகத்தை நிலவோடு ஒப்பிடும் வரி வந்தால் மட்டும் அடித்துவிடுங்கள்.