வாசகர் கேள்வி – பதில்: பட்காமில் மேஜர் சோம்நாத் சர்மா

கேள்வி: போர்க்கள வீரத்துக்கான இந்தியாவின் மிக உயர்ந்த விருதான பரம் வீர் சக்ராவுக்கு முதலில் உரியவரான மேஜர் சோம்நாத் சர்மா, கையில் மாவுக்கட்டுடன் போர்க்களத்துக்குப் போனார் என்கிறார்கள். அந்த நிலையில் இருந்தவரைப் படை எப்படி அனுப்பியது? பிற்பாடு சேர்த்துச் சொன்ன கதையா இது?
– வாசகர், விருதுநகர்

பதில்: கதையன்று. அவருடைய இடக்கை மாவுக்கட்டில் இருந்தது என்பதை விருதுக்கான அரசின் சான்றுரையே குறிப்பிடுகிறது. ஹாக்கி ஆடும்போது ஏற்பட்ட முறிவு அது. 1947 அக்டோபர் இறுதியில் நான்காம் குமாவுன் பட்டாலியன் ஸ்ரீநகருக்குப் புறப்பட்டபோது அவருக்கு ஓய்வு வேண்டும் என்றே சொல்லப்பட்டது. தாம் நடத்தும் படைப்பிரிவான கம்பெனி போருக்குப் போகும்போது தாம் தங்கிவிட முடியாது என்று அவர் பிடிவாதமாக நின்று அனுமதி பெற்றார். வயது அப்போது 24. ஆனால் அனுபவமற்ற இளைஞர் என்று அவரை எண்ணிவிடக் கூடாது. 1942இல் படையில் சேர்ந்து, இரண்டாம் உலகப் போரில் பர்மாவின் அரக்கான் பகுதியில் ஜப்பானியரை எதிர்த்துப் போரிட்டவர் அவர். கம்பெனியை நடத்தும் அதிகாரிக்குக் கையைவிடக் கண்ணும் குரலும் முக்கியம் என்று மேலதிகாரிகள் கருதியிருந்தால் அதில் வியப்பில்லை.

கேள்வி: பகைவர் ஏழு மடங்கு இருந்தார்கள் என்றால், பின்வாங்கி உயிர்களைக் காப்பாற்றியிருக்கலாமே? ஒரு சிற்றூருக்காக அத்தனை பேர் ஏன் மடிய வேண்டும்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: நியாயமான கேள்வி, வீரத்தைப் போற்றும் அவசரத்தில் பலர் இதைக் கேட்பதே இல்லை. விடை சண்டை நடந்த பட்காம் என்ற காஷ்மீரச் சிற்றூரில் இல்லை, சில கிலோமீட்டர் தள்ளியிருந்த ஸ்ரீநகர் விமானத்தளத்தில் இருக்கிறது.

1947 அக்டோபர் 22 அன்று பாகிஸ்தான் பக்கத்திலிருந்து பழங்குடிப் படைகள் காஷ்மீருக்குள் புகுந்தன. 26ஆம் தேதி மகாராஜா ஹரி சிங் இந்தியாவுடன் இணையும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். மறுநாள் காலையிலேயே முதல் சீக்கியப் பட்டாலியனின் வீரர்கள் டகோட்டா விமானங்களில் ஸ்ரீநகரில் வந்திறங்கினார்கள். அவர்களை நடத்திவந்த லெப்டினன்ட் கர்னல் திவான் ரஞ்சித் ராய் அன்றே பாராமுல்லாப் பக்கத்தில் உயிரிழந்தார். ஆள், தோட்டா, உணவு எதுவாயினும் விரைவில் வந்துசேர அந்த ஓடுபாதை ஒன்றுதான் வழி. அது பறிபோனால், ஏற்கெனவே வந்திறங்கிய படைகள் துண்டிக்கப்படும், ஸ்ரீநகரும் தப்பியிருக்காது.

நவம்பர் 3 அன்று, பகைவர் நடமாட்டத்தை அறிய பட்காம் பக்கம் கம்பெனிகள் ரோந்து அனுப்பப்பட்டன. ஊர் அமைதியாகத் தெரிந்தது. ஆகவே மற்றவை திரும்ப, சர்மாவின் டி கம்பெனி மட்டும், ஏறக்குறைய நூறு பேருடன், இன்னும் சிறிது நேரம் இருந்துவிட்டு வருமாறு நிறுத்திவைக்கப்பட்டது. அந்த இடைவெளியில்தான் தாக்குதல் தொடங்கியது. முதலில் ஊரின் வீடுகளிலிருந்தே சுட்டார்கள். உள்ளே அப்பாவிக் குடிமக்கள் இருக்கக்கூடும் என்பதால், திருப்பிச் சுடுவதில் சர்மா தயங்கினார். அந்தத் தயக்கத்தைக் குறையாகச் சொல்வோர் இருக்கலாம். எனக்கு அது அவர்மீதான மதிப்பைக் கூட்டவே செய்கிறது. அதற்குள் குல்மர்க் திசையிலிருந்து சுமார் 700 பேர் கொண்ட கூட்டம் மார்ட்டர் குண்டுகளின் துணையோடு வந்து மூன்று பக்கமும் சூழ்ந்துகொண்டது.

அப்போது அவர் பின்வாங்கியிருந்தால், விமானத்தளத்துக்கும் அந்தக் கூட்டத்துக்கும் இடையே தடுத்து நிற்க அந்த நேரத்தில் போதிய படை இல்லை. பிற படைகள் வந்து நிலைகொள்ளும் வரை அவர்களை அங்கேயே பிடித்துவைக்க வேண்டும் என்பதை அவர் உடனே கணித்திருக்கிறார். அதற்காக அவர் செய்தவை அனைத்தும் நிதானமான வேலைகள். குண்டு மழைக்கு நடுவே திறந்த வெளியில் ஓடி, ஒவ்வொரு பிரிவாகப் போய் வீரர்களை ஊக்கப்படுத்தினார். நம் விமானங்களுக்கு இலக்கைக் காட்டுவதற்காகத் தரையில் துணிப்பட்டைகளை விரித்தார். ஆட்கள் வீழ்ந்ததால் இலகு இயந்திரத் துப்பாக்கிகளின் வேகம் குறைவதைக் கண்டபோது, மாவுக்கட்டுப் போட்ட கையோடு தாமே உட்கார்ந்து மேகசின்களில் தோட்டா நிரப்பிக் கொடுக்கத் தொடங்கினார். அந்த வேலையில் இருந்தபோதுதான் மார்ட்டர் குண்டு ஒன்று தோட்டாக் குவியலின்மேல் விழுந்து வெடித்தது.

அவர் மாண்ட பிறகும் கம்பெனி தொடர்ந்து நிலைத்து நின்றது என்றும், ஆறு மணி நேரம் பகைவரின் முன்னேற்றம் தடைப்பட்டது என்றும், அதற்குள் விமானத்தளத்தை ஒட்டிய ஹும்ஹாமாவில் துணைப்படைகள் நிலைகொண்டன என்றும் சான்றுரை பதிவு செய்கிறது. கம்பெனியில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். நான்கு நாள் கழித்து, 7ஆம் தேதி, ஸ்ரீநகரை அடுத்த ஷாலாடெங்கில் பழங்குடிப் படை முறியடிக்கப்பட்டது. அடுத்த நாளே பாராமுல்லா மீட்கப்பட்டது. ஓடுபாதை கையில் இருந்திராவிட்டால் அந்தப் போரை நடத்தப் படைகளே வந்துசேர்ந்திருக்க மாட்டா. ஆகவே, அத்தனை பேரும் ஒரு சிற்றூருக்காக மடிந்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: அவருடைய கடைசிச் செய்தியாகச் சொல்லப்படுவது என்ன?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: இறப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன் பிரிகேட் தலைமையகத்துக்கு அவர் அனுப்பிய செய்தி அது. பகைவர் ஐம்பது கஜத் தொலைவில் இருக்கிறார்கள், எண்ணிக்கையில் நாங்கள் மிகவும் குறைவு, கடுமையான தாக்குதலுக்கு ஆளாகியிருக்கிறோம், ஆனாலும் ஓர் அங்குலம்கூடப் பின்வாங்க மாட்டேன், கடைசி ஆளும் கடைசித் தோட்டாவும் இருக்கும்வரை போரிடுவோம் என்பது அதன் சாரம். இறுதிப் பகுதியை மட்டும் மேற்கோள் காட்டுவது வழக்கமாகிவிட்டது. முன்பகுதியையும் சேர்த்துப் படித்தால், தொலைவையும் எண்ணிக்கையையும் நிலைமையையும் ஒழுங்காகத் தலைமையகத்துக்கு அறிவிக்கும் அதிகாரி ஒருவரைக் காணலாம். மூன்று நாள் கழித்து உடல் மீட்கப்பட்டபோது, அடையாளம் காண உதவியவை தோலாலான கைத்துப்பாக்கி உறையும், சட்டைப்பையில் இருந்த பகவத் கீதையின் சில தாள்களும்.

கேள்வி: விருதுப் பதக்கத்தை வடிவமைத்தவர் சோம்நாத் சர்மாவின் உறவினராமே! முதல் விருது அவருக்குப் போனதற்கு அதுவும் காரணமோ?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உறவு உண்மை, சந்தேகம் வீண். ஹங்கேரியத் தந்தைக்கும் ரஷ்யத் தாய்க்கும் சுவிட்சர்லாந்தில் பிறந்து, இந்தியப் படை அதிகாரி விக்ரம் கானோல்கரை மணந்து இந்தியரானவர் சாவித்திரி கானோல்கர். அவருடைய மகள் மணந்தது சோம்நாத்தின் சகோதரரை. மேஜர் ஜெனரல் ஹீரா லால் அடல் கேட்டுக்கொண்டதற்கு இணங்க, இந்திரனின் வஜ்ராயுதத்தை நான்கு முறை பொறித்து, நடுவே அரசுச் சின்னத்தை அமைத்து அவர் அதை வரைந்தார். தன் முதுகெலும்பை ஆயுதம் செய்யத் தந்த ததீசி முனிவரின் கதை அதற்குத் தூண்டுதல். பதக்கம் வரைந்தவருக்கு, அதை யார் பெறுவது என்று முடிவு செய்யும் அதிகாரம் எதுவும் கிடையாது.

விருது 1950 ஜனவரி 26 அன்று நிறுவப்பட்டு, 1947 ஆகஸ்ட் 15 முதலான செயல்களுக்கு முன்தேதியிட்டு நடைமுறைக்கு வந்தது. அந்தக் காலத்துப் போர்ச்செயல்களில் பட்காம் முந்தியது, அவ்வளவே. 1947–48 காஷ்மீர்ப் போருக்காக இவரோடு மேலும் நால்வர் இவ்விருதைப் பெற்றார்கள்: ஜதுநாத் சிங், பீரு சிங், ராமா ராகோபா ரானே, கரம் சிங். இறந்தவர்களுக்கு மட்டுமே பரம் வீர் சக்ரா தரப்படும் என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருப்பதால் சொல்கிறேன்: கடைசி இருவரும் உயிரோடிருந்தே அதைப் பெற்றார்கள்.