குண்டுக்குத் தப்பியும் ஏன் சாகிறார்கள்?

கேள்வி: போர்ச் செய்திகளில் சொல்லும் சாவு எண்ணிக்கையில், பசியாலும் நோயாலும் இறந்தவர்களும் சேர்த்தியா?
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: பெரும்பாலும் இல்லை. ஏமன் போரில் 2021 இறுதிக்குள் 3,77,000 பேர் இறந்திருப்பார்கள் என்று ஐ.நா. வளர்ச்சித் திட்டம் மதிப்பிட்டது. அதில் ஏறத்தாழ 60 சதவீதச் சாவுகளுக்குக் காரணம் பசி, நோய், நல்ல தண்ணீர் இல்லாதது. வீட்டில் வயிற்றுப்போக்கில் இறந்த குழந்தையை யாரும் போர்க்கணக்கில் எழுதுவதில்லை. அதனால்தான் ஆய்வாளர்கள் வீடு வீடாக விசாரித்து, போருக்கு முந்தைய இறப்பு விகிதத்தோடு ஒப்பிடுகிறார்கள். நாளொன்றுக்குப் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு மேல் இறந்தால் அது அவசரநிலை.

கேள்வி: ஏமனில் காலரா அப்படிப் பரவியது எதனால்?
(வாசகி, நாகர்கோவில்)

பதில்: 2015 ஆகஸ்டில் ஹொதைதா துறைமுகத்தின் கிரேன்கள் குண்டுவீச்சில் நாசமாயின. கோதுமையில் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் நாடு அது. சரக்கு இறங்கத் தாமதமானால் விலை ஏறும். 2016இல் மத்திய வங்கி, கிளர்ச்சியாளர் கையிலிருந்த தலைநகர் சனாவிலிருந்து அரசு கையிலிருந்த ஏடனுக்கு மாற்றப்பட்ட காலத்திலிருந்து அரசு ஊழியர் சம்பளம் நின்றுபோனது. செவிலியருக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கும் கூலி இல்லை. டீசல் இல்லாமல் தண்ணீர் பம்புகள் ஓடவில்லை, குப்பை தேங்கியது, சாக்கடை கிணற்றில் கலந்தது. 2017 முடிவதற்குள் காலரா என்று சந்தேகிக்கப்பட்டவர்கள் பத்து லட்சத்தைத் தாண்டினார்கள்.

கேள்வி: காலராவுக்கு மருந்து கிடைக்காததுதான் பிரச்சினையா?
(வாசகர், சேலம்)

பதில்: மருந்தைவிட இழந்த நீரை உடனே ஈடுகட்டுவதுதான் முக்கியம். கடுமையான காலராவில் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர்கூட வெளியேறும். 1971 வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்க எல்லை ஊரான பங்காவில் அகதிகளுக்கு ஏற்றவேண்டிய சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் ஆப்ப சோடா கரைத்து டிரம்களில் வைத்தார். கூட இருந்த உறவினர்களே பிடித்துக் குடிக்கக் கொடுத்தார்கள். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு, 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. குடலில் குளுக்கோஸ் உப்பை உள்ளே இழுக்கும், உப்பின் பின்னால் தண்ணீர் போகும்; அவ்வளவுதான் சூட்சுமம். இந்தக் கரைசலுக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இல்லாதபோது: ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. சர்க்கரை கூடினால் பேதி அதிகமாகும். உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து, வலிப்புகூட வரலாம்.

கேள்வி: பட்டினி கிடந்த குழந்தைக்கு உடனே வயிறாரக் கொடுக்கலாமா?
(வாசகி, கோவை)

பதில்: கூடாது. மேல்கைச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் குறைவாக இருந்து, உடல்நிலையும் மோசமாக இருந்தால் மருத்துவமனையில்தான் பார்க்கவேண்டும். 100 மி.லி.க்கு 75 கலோரி மட்டுமே தரும் பால்கலவையை இரண்டு மூன்று மணிக்கொரு முறை, இரவிலும் எழுப்பிக் கொடுப்பார்கள். திடீரென்று நிறையக் கொடுத்தால் ரத்தத்திலுள்ள பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து இதயம் நின்றுவிடலாம். இரும்புச்சத்து மருந்தும் முதல் நாட்களில் வேண்டாம். பசியெடுத்து எடை ஏறத் தொடங்கிய பிறகுதான்.