மூலிகை மருந்தில் ஈயம், பாதரசம், ஸ்டீராய்டு: சித்த மருத்துவரிடம் கேளுங்கள்

சேலத்திலிருந்து: டாக்டர், வேரும் இலையும்தானே மருந்து. அதில் ஈயமும் பாதரசமும் எங்கிருந்து வருகின்றன?

மண்ணிலிருந்து வரலாம். ஆலைக் கழிவு பாய்ந்த நிலத்திலும் நெடுஞ்சாலை ஓரத்திலும் பறித்த செடியில் ஈயமும் காட்மியம் என்ற நச்சு உலோகமும் ஏறியிருக்கும். அரைக்கும் இயந்திரம், காயவைக்கும் களம் இவற்றிலிருந்தும் சேரும். இன்னொன்று, தெரிந்தே சேர்ப்பது: உலோகத்தையும் தாதுவையும் எரித்துச் செய்யும் பற்பம், செந்தூரம் போன்ற பொடி மருந்துகளில் ரசம் (பாதரசம்), லிங்கம் (பாதரசம் சேர்ந்த தாது), தாளகம் (ஆர்செனிக் என்ற நஞ்சு சேர்ந்த தாது) ஆகியவை செய்முறையிலேயே உண்டு. 2004இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் பாஸ்டன் சுற்றுவட்டாரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தார்கள். 14இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஏதாவது இருந்தது. 2008இல் வெளியான இன்னோர் ஆய்வில், இணையத்தில் வாங்கிய 193இல் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அப்படி. அமெரிக்காவிலேயே தயாரானவையும் அதில் அடக்கம்.

கும்பகோணத்திலிருந்து: முறையாகச் சுத்தி செய்து புடம் போட்டால் நஞ்சு நீங்கிவிடும் என்று எங்கள் வைத்தியர் சொல்கிறாரே?

சுத்தி என்னும் சுத்திகரிப்பும், புடம் என்னும் நெருப்பில் எரிக்கும் முறையும் உலோகத்தை வேறு சேர்மமாக மாற்றும். சில சேர்மங்கள் குடலில் குறைவாகவே உறிஞ்சப்படும் என்பதும் உண்மை. ஆனால் ஈயம் ஈயம்தான். எந்த நெருப்பிலும் அது இல்லாமல் போகாது. புடம் சரியாக முடிந்ததா என்பதைக் கண்ணால் பார்த்தோ, தண்ணீரில் மிதக்கிறதா என்று பார்த்தோ மட்டும் முடிவு செய்யக்கூடாது. ஆய்வகச் சோதனை வேண்டும். நான் படித்த மருத்துவத்தின்மேல் எனக்கிருக்கும் பற்றினால்தான் இதைச் சொல்கிறேன். மூலிகைத் தயாரிப்புகளுக்கு நம் நாட்டில் வகுத்துள்ள உச்ச அளவு: ஈயம் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு), ஆர்செனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3.

ராமநாதபுரத்திலிருந்து: மேடம், அப்பா மூட்டு வலிக்கு ஒருவரிடம் பொட்டலப் பொடி வாங்கிச் சாப்பிடுகிறார். மூன்றே நாளில் வலி போய்விட்டது. இப்போது முகம் உப்பியிருக்கிறது, சர்க்கரையும் கூடிவிட்டது. உடனே நிறுத்திவிடலாமா?

வேண்டாம் தம்பி, நீங்களாக நிறுத்தாதீர்கள். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்ற சந்தேகத்தைத் தருகின்றன. பெரும்பாலும் வீக்கத்தையும் வலியையும் அடக்கும் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு. நாள்பட்ட மூட்டு வலியை மூலிகை மூன்று நாளில் துடைத்தெடுக்காது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால், உடலுக்குத் தேவையான ஸ்டீராய்டைத் தானே சுரக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துவிடும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நாளைக்கே அப்பாவைப் பொது மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், பொட்டலத்தையும் கையில் கொண்டு போங்கள். அளவை எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்று அவர்தான் சொல்ல வேண்டும். காய்ச்சல், வாந்தி, மயக்கம் என்றால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

துபாயிலிருந்து: அக்கா, ஆறு மாதக் குழந்தைக்குச் சளி. ஊரிலிருந்து மாமியார் கொடுத்தனுப்பிய செந்தூரத்தைத் தேனில் குழைத்துக் கொடுக்கிறேன். சரியா?

இன்றோடு நிறுத்திவிடுங்கள் அம்மா. ஒரு வயதுக்குள் தேனே கூடாது. செந்தூரத்தில் என்ன இருக்கிறது என்று எழுதியில்லை என்றால் அதுவும் கூடாது, அதில் ஈயம் இருக்கலாம். வயிற்றுக்குள் போன ஈயத்தில் பெரியவர்கள் பத்தில் ஒரு பங்கை உறிஞ்சினால், குழந்தைகள் பாதிவரை உறிஞ்சிக்கொள்வார்கள். அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. குழந்தை மருத்துவரிடம் சொல்லி ரத்தத்தில் ஈய அளவு பாருங்கள். மாமியார் அன்பாகத்தான் கொடுத்தார். அவரிடம் கோபப்பட வேண்டாம்.

பொள்ளாச்சியிலிருந்து: தோல் நோய்க்கு ஆடுதீண்டாப்பாளைப் பொடி சாப்பிடச் சொல்கிறார்கள். அதில் உலோகம் இருக்காதே?

உலோகம் இல்லாமல் போகலாம். ஆனால் செடியிலேயே அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்ற நஞ்சு இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸில் உடல் மெலிய மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. சேர்க்க வேண்டிய சீன மூலிகைக்குப் பதிலாக இந்தக் குடும்பத்துச் செடி சேர்ந்துவிட்டதுதான் காரணம். சிறுநீரகத்தை எடுத்துச் சோதித்த 39 பேரில் 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் இருந்தது. நம் ஏடுகளில் இடம்பெற்ற மூலிகைதான் என்றாலும், உள்ளுக்குச் சாப்பிடக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து. இதே குடும்பத்து ஈஸ்வரமூலிக்கும் இதேதான்.

விருதுநகரிலிருந்து: கஷாயமாகக் கொதிக்க வைத்தால் நஞ்சு போய்விடுமா?

போகாது. உலோகமும் போகாது, ஈரத்தில் வைத்த சரக்கில் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சும் போகாது. பூஞ்சணம் பிடித்த மூலிகையை வெயிலில் காயவைத்துப் பயன்படுத்தாமல் தூக்கிப் போடுங்கள்.

சென்னையிலிருந்து: அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது?

உரிம எண், தொகுதி எண், தயாரித்த நாள், உட்பொருள் பட்டியல் நான்கும் இருக்க வேண்டும். சட்டம் வகுத்த நஞ்சுப் பட்டியலில் உள்ள பொருள் சேர்ந்த மருந்தென்றால், மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கையும் அச்சிட்டிருக்க வேண்டும். அது இருந்தால் நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். ஏற்கெனவே சாப்பிடுகிற மருந்தில் சந்தேகம் என்றால் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிலையத்துக்குப் போய்க் கேட்கலாம். வயிற்று வலி, மலச்சிக்கல், ரத்தசோகை மூன்றும் சேர்ந்து வந்தால் ஈயத்தை நினைக்க வேண்டும். அப்போது மீதி மருந்தைக் கொட்டிவிடாமல், டப்பாவோடு மருத்துவரிடம் எடுத்துப் போங்கள்.