ராமநாதபுரம் கடற்கரை ஊரான மண்டபம் பக்கம் கடல்பாசியை ஆராயும் வேதியியலாளர்களுக்கு அன்றாட வேலை என்ன? அதில் அவர்களை இழுப்பது எது?

பாதி நாள் கழுவலும் எடை போடுதலும்தான். கரைக்கு வரும் கஞ்சிப்பாசி என்ற கடல்பாசியில் மணல், சிப்பித் துண்டு, உப்பு எல்லாம் ஒட்டியிருக்கும். அதைப் போக்காமல் எடை போட்டால் பிறகு வரும் விளைச்சல் கணக்கு முழுதும் பொய்.

பாசியிலிருந்து கிடைக்கும் கூழ்ப்பொருளான அகரை எடுக்க, காய்ந்த பாசியை 5 சதவீத காஸ்டிக் சோடாவில் 80-85 டிகிரியில் சுமார் 2 மணி நேரம் வைப்பார்கள். அகர் மூலக்கூறின் சர்க்கரைச் சங்கிலியில் தொங்கும் சல்பேட் கணிசமாகக் கழன்று, கூழ் இறுகும். மரிக்கொழுந்துப் பாசி என்ற இன்னொரு வகைக்கு இந்தப் பாடு குறைவு, இயல்பிலேயே நல்ல அகர். பிறகு காரம் போகும்வரை அலசி, ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கலன்) 120 டிகிரியில் வேகவைத்து, சூட்டோடு வடிகட்ட வேண்டும். ஆறவிட்டால் சுமார் 40 டிகிரியிலேயே உறைந்து வடிகட்டி அடைத்துக்கொள்ளும். காரத்தைப் போக்க அமிலம் சேர்க்கும்போது கை தவறினால் சங்கிலியே அறுந்து, கூழ் விரலுக்கு நிற்காது. கடைசியில் 1.5 சதவீதக் கூழை 20 டிகிரியில் அழுத்தி வலிமை பார்ப்பார்கள். பாசி எந்த மாதம், எந்தக் கரை என்று குறிக்காத மாதிரிக்கு அந்த எண்ணால் பயனில்லை.

இழுப்பது எது என்றால், என் கணிப்பில் அகரின் வரலாறே போதும். 1881-ல் நுண்ணுயிர் ஆய்வாளர் வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபானி ஹெஸ்ஸே சொன்ன யோசனையால்தான் அது கிருமி வளர்க்கும் தட்டுக்கு வந்தது. அதற்கு முன் தட்டில் இருந்த ஜெலட்டின் 37 டிகிரியில் உருகிவிடும். உறைந்த அகர் 85 டிகிரி வரை தாங்கும். இன்றும் மருத்துவமனை ஆய்வகங்களில் அதே அகர்தான்.